அரைப் பேர்

வைகாசியில் காற்றுத் திரும்பியதும்
மிரிஸ்ஸவில் படகை மணலுக்கு இழுத்துப்
படங்கு போர்த்திவிடுவார்கள்.
அதற்குப் பிறகு எனக்குச் சம்பளம் இல்லை.
பஸ் மாறி பஸ் மாறி மஸ்கெலியாவுக்கு ஏறினேன்.
ஹட்டன் வருமுன்னே காது அடைத்தது.

லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து கேட்டது ஒன்றுதான்:
மீன் எவ்வளவு பெரிசு?
கையை விரித்தேன்.
ஒரு கை பக்கத்து வீட்டுக் கதவில் இடித்தது,
மறு கை எங்கள் விறகில்.
"இன்னும் இருக்கு" என்றேன்.
உண்மைதான்.
கொப்பரா என்றால் மூக்கே இரண்டு முழம்.

சொல்லாமல் விட்டது:
அது என் மீன் இல்லை.
நாற்காலியில் வார் போட்டுக் கட்டிய
ஜெர்மன்காரருடையது.
ஒன்றரை மணி நேரம் அவர் அதை இழுத்தார்,
அது அவரை இழுத்தது,
நான் ரீலுக்கும் அவர் பிடரிக்கும்
மாறி மாறித் தண்ணீர் ஊற்றினேன்.
இரைச் சூரையின் கண் வழியாக ஊசி கோத்தவன் நான்.
கடைசியில் கையுறை மாட்டி, நரம்பைச் சுற்றிப் பிடித்து,
நீலம் நெளிய நெளிய
அதைப் படகோரம் கொண்டுவந்தவனும் நான்.
படம் எடுத்தார்கள்.
தூண்டிலைக் கழற்றி விட்டுவிட்டோம்.
விடுவதற்குத்தான் அவ்வளவு காசு.

போய்விட்ட மீனை எந்தத் தராசில் போடுவது?
கேப்டன் என்னைப் பார்ப்பார்.
நூற்றிருபது இருக்கும்.
"நூற்றெண்பது, சேர்" என்பேன்.
புத்தகத்தில் விருந்தாளியின் பேர் ஏறும்,
முழுப் பேர், குடும்பப் பேரோடு,
பக்கத்தில் நூற்றெண்பது.
என் சட்டைப் பைக்குள்
மடித்த தாள் ஒன்று நுழையும்.
ஐந்து வருஷமாக இப்படித்தான்
இந்து சமுத்திரம் கனத்துக்கொண்டு வருகிறது.

நேற்று மாலை கொழுந்து மடுவம்.
தவமலரின் சாக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன்.
முள் இருபத்தொன்றில் நின்றது. பார்த்தேன்.
கணக்கப்பிள்ளை பதினேழு எழுதினார்.
ஈரம் இரண்டு, சாக்கு ஒன்று, முற்றல் ஒன்று.
பதினெட்டுக்கு ஒன்று குறை.
அரைப் பேர்.

"இருபத்தொண்ணு காட்டுதே" என்றேன்.
"கடல்காரருக்குத் தராசு தெரியுமோ?"

சாக்கை இறக்கினேன்.
கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து
முழங்காலை மடக்கித் தொங்கினேன்.
கூரைத் தகரம் முனகியது.
அட்டை கடித்த காலிலிருந்து
சிமெந்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.
நான் அறுபத்துநாலு கிலோ.
படகு இன்சூரன்ஸுக்காக
காலி ஆஸ்பத்திரியில் சித்திரையில் நிறுத்தது.
"எவ்வளவு?" என்று கத்தினேன்.
தொங்குகிறவனுக்கு முள் தெரியாது.
"அம்பத்தெட்டு" என்றாள் வரிசையில் நின்ற மேரிபுஷ்பம்,
"ஈரம் கழிச்சிட்டாங்க போல."

மடுவம் முழுக்கச் சிரித்தது.
கணக்கப்பிள்ளையும் சிரித்தார்.
"சித்திரைக்குப் பொறகு மெலிஞ்சிருப்பீங்க" என்றார்.
இருக்கலாம்.
மெலிந்துதான் இருக்கிறேன்.
இறங்கினேன். அடுத்த சாக்கு ஏறியது.
பதினேழு பதினேழாகவே இருந்தது.

ராத்திரி தகரத்தில் மழை.
கொக்கி பதிந்த என் உள்ளங்கையில்
தவமலர் தேங்காயெண்ணெய் தேய்த்தாள்.
நரம்பு அறுத்த பழைய கோட்டின் மேல் புதுக் கோடு.
"அந்த மீன் நெசமாவே எவ்வளவு?"
யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை.
"நூத்திருபது. அதுகூட இருக்காது."
"நீங்க எவ்வளவு சொன்னீங்க?"
சொன்னேன்.
விரல் நின்றது.
அறுபதை அவள் மூன்றால் வகுக்கிறாள் என்று
உதட்டசைவில் தெரிந்தது,
சாக்குக் கணக்கு.
"மூணு நாள் கொழுந்து" என்றாள்,
"வாயாலேயே பறிச்சிருக்கீங்க."

கோபமா என்று கேட்கவில்லை.
எண்ணெய்ப் போத்தலை மூடினாள்.
நாலரைக்கு வைத்திருந்த அலாரத்தை
நாலுக்கு மாற்றிவிட்டுப் படுத்தாள்.